மறுமொழி இல்லாத மொழி

ஒருவர் தம் அறையில் அமர்ந்து இலக்கணம் வகுத்து, சொற்பட்டியல் எழுதி, ஒரு மொழியை ஆக்கிவிட்டால் அதனை மொழி என்று ஏற்கலாமா? 2015ஆம் ஆண்டு 'பாகுபலி' திரைப்படம் வெளியானபோது இந்தக் கேள்வி தமிழர் நடுவே சற்று உரத்து எழுந்தது. அப்படத்தில் காலகேயர் பேசும் 'கிளிக்கி' மொழியை மதன் கார்க்கி ஆக்கினார். ஏறத்தாழ 750 சொற்களும் 40 இலக்கண விதிகளும் அப்போது அதற்கு இருந்தன. 'நான்' என்பதற்கு 'மின்', அதைத் திருப்பிப் போட்டால் 'நிம்', அதாவது 'நீ'. 2020இல் அதற்கென ஓர் இணையத்தளமும் தொடங்கப்பட்டது. இதனைக் கண்டு மகிழ்ந்தோரும் உண்டு. ஈராயிரம் ஆண்டுத் தமிழ் இருக்க இந்த விளையாட்டு எதற்கு என்று சினந்தோரும் உண்டு.

சினந்தோரின் வாதம் எளியது. மொழி என்பது மக்கள் கூட்டத்தில் தானாக விளைவது. தாயின் வாயிலிருந்து பிள்ளையின் காதுக்குச் செல்வது. தனியொருவர் செய்தது மொழியன்று, மொழியின் பொம்மை. கேட்பதற்குச் சரியாகவே படுகிறது. ஆனால் இந்த அளவுகோல் பிறப்பை மட்டுமே பார்க்கிறது. பிறப்பைக் கேட்டு மதிப்பிடும் பழக்கத்தால் நம் சமுதாயம் பட்டது போதாதா? மொழிக்கும் அதனைக் கொண்டுபோக வேண்டுமா?

எஸ்பெராந்தோவை எடுத்துக்கொள்வோம். போலந்துப் பகுதியைச் சேர்ந்த யூதரான கண் மருத்துவர் சாமன்ஹோப் 1887இல் வார்சாவில் அதன் முதல் நூலை வெளியிட்டார். அறையில் செய்யப்பட்ட மொழிதான், ஐயமில்லை. ஆயினும் அதிற் கவிதையும் நாவலும் எழுதினார்கள். அதன் மாநாடுகளிற் சந்தித்து மணந்துகொண்டவர்களின் வீடுகளில் அதனையே தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகள் வளர்ந்தார்கள். பெரும் செல்வர் ஜோர்ஜ் சொரோசின் தந்தை திவதார், நாசிகளிடமிருந்து தம் குடும்பம் தப்பிய கதையை 1965இல் அம்மொழியிலேதான் எழுதி வெளியிட்டார். ஹிட்லரின் ஆட்சி எஸ்பெராந்தோ அமைப்புகளைத் தடைசெய்தது. சாமன்ஹோபின் மூன்று பிள்ளைகளும் நாசிகளாற் கொல்லப்பட்டனர். ஸ்டாலினோ 1937இலும் அதற்கடுத்த ஆண்டிலும் அம்மொழியாளரைச் சிறையிலிட்டும் சுட்டும் ஒழித்தார். பொம்மைக்கு அஞ்சி எந்த அரசும் துப்பாக்கி தூக்குவதில்லை.

இதற்கு நேர்மாறான செய்தியும் உண்டு. 'ஸ்டார் ட்ரெக்' படங்களுக்காக மார்க் ஓக்ராண்ட் என்ற மொழியியலாளர் ஆக்கிய கிளிங்கன் மொழிக்கு 1985இல் அகராதியே வந்துவிட்டது. அதன்மேற் பற்றுக்கொண்ட அமெரிக்கர் ஒருவர் தம் மகன் பிறந்த நாள்முதல் ஏறத்தாழ மூன்றாண்டுகள் அவனிடம் கிளிங்கனே பேசிவந்தார். பிள்ளைக்கு அது விளங்கியது. ஆனால் அவன் அம்மொழியில் மறுமொழி சொல்வது அரிதாயிற்று, தந்தையும் கைவிட்டார். அச்சிறுவன் பெரிய மொழியியல் அறிஞர்கள் கண்ட தீர்ப்பைவிடத் தெளிவான தீர்ப்பைத் தந்தான் என்பது என் எண்ணம்.

மறுமொழி என்ற நம் சொல்லைக் கவனியுங்கள். விடை, பதில் என்று வேறு சொற்கள் இருந்தும், திருப்பிச் சொல்வதை நாம் இன்னொரு மொழி என்றே அழைக்கிறோம். ஒரு மொழி உண்மையானதா என்று அறிய அது எங்கே பிறந்தது என்று கேட்பதைவிட, அதில் மறுமொழி சொல்ல முடியுமா, மறுத்து மொழிய முடியுமா என்று கேட்பதே தகும். இந்த அளவுகோலை நான் ஏட்டிலிருந்து எடுக்கவில்லை. என் ஊர்ப்பக்கத்துச் சாலை ஒன்றிலிருந்து எடுத்தேன்.

கண்டியிலிருந்து கிழக்கே மஹியங்கனைக்குப் போகும் ஏ-26 நெடுஞ்சாலை திகன, தெல்தெனிய ஊர்களைத் தாண்டி மலையேறி ஹுன்னஸ்கிரியவை அடைகிறது. அங்கிருந்து இடப்புறம் ஒரு பாதை லூல்வத்தை வழியாக மீமுறைக்குப் பிரிகிறது. நேரே போனால் பதினெட்டு வளைவு என்று பெயர்பெற்ற இறக்கத்தால் மஹியங்கனைச் சமவெளியில் இறங்கலாம். எதிரே நிற்கும் மலைத்தொடர் சிங்களவருக்குத் தும்பறை. மடக்கிய கைவிரற் கணுக்களைப்போல் தோன்றியதால் ஆங்கிலேயர் அதற்கு 'நக்கிள்ஸ்' என்று பெயரிட்டனர். மலை ஒன்றுதான், பெயரைச் செய்தவர்கள்தாம் வேறு. இந்தச் சாலையின் நெடுகிலும் ஆக்கப்பட்ட மொழிகள் கிடக்கின்றன. எஸ்பெராந்தோவைத் தேடி வார்சாவுக்குப் போகவேண்டியதில்லை.

முதலாவது, நெற்களத்து மொழி. கண்டிப்பகுதிச் சிங்கள உழவர் சூடு மிதிக்கும் களத்தினுள் நுழைந்ததும் வீட்டுச் சொற்களை வெளியே விட்டுவிடுவர். நெல், எருது, சுளகு, எல்லாவற்றுக்கும் களத்துக்கென்றே தனிச் சொற்கள் உண்டு. வழக்கமான பெயரைச் சொன்னால் தீய ஆவிகள் கேட்டு விளைச்சலைக் குறைத்துவிடும் என்பது நம்பிக்கை. மட்டக்களப்புத் தமிழ் உழவரிடமும் இதே வழக்கம் உண்டு. களத்தில் நெல்லை நெல்லென்று சொல்லாமற் பொலி என்பர். நம் இலக்கணகாரர் இத்தகையதற்குக் குழூஉக்குறி என்று பெயரிட்டு, தகுதி வழக்கில் இடமும் தந்துவிட்டனர். பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பதும் யானைப்பாகர் ஆடையைக் காரை என்பதும் நன்னூல் கற்ற மாணவர் அறிந்தவை. ஒரு கூட்டத்தார் கூடிச் செய்துகொண்ட சொல் போலிச்சொல் என்று நன்னூலார் தள்ளிவிடவில்லை என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொண்டு மேலே செல்வோம்.

சாலையின் மறுமுனையில், மஹியங்கனைக்கு அப்பால், தம்பனையில் வேடர் வாழ்கின்றனர். வேடர் மொழி தனிமொழியா, சிங்களத்தின் சிதைவா என்று அறிஞர் நெடுங்காலம் வாதிட்டனர். 1972இல் வெளியான தம் நூலில் சுகதபால த சில்வா அதனைச் சிங்களத்தோடு கலந்து உருவான கலப்புமொழியாக விளக்கினார். மழைக்கு அம்மொழியில் ஒற்றைச்சொல் இல்லை; மேலிருந்து விழும் நீர் என்ற பொருளில் ஒரு தொடரே வழங்கியது. கடன்வாங்காமல் இருக்கும் சொற்களைக் கொண்டே புதியவற்றைச் சுட்டும் இந்த முறையைப் பார்த்து, சொல்வளம் அற்ற மொழி என்றனர் சிலர். காட்டில் ஒரு வேடன் கேட்க இன்னொரு வேடன் மறுமொழி சொன்ன காலம்வரை அது முழுமையான மொழியே. இன்று அவர்களின் பிள்ளைகள் சிங்களத்திற் படிக்கின்றனர். சுற்றுலா வருவோர் முன் இரண்டு வாக்கியங்கள் பேசிக்காட்டப்படுகின்றன. வந்தவர் படம் பிடித்துக்கொண்டு போகிறார். அவர் திருப்பி எதுவும் சொல்லப்போவதில்லை. இயற்கையாய்ப் பிறந்த மொழி காட்சிப்பொருளாகும் கதை இது. மொழி இப்படியும் பொம்மையாகலாம்.

நான் விரிவாகச் சொல்ல விரும்புவது இவ்விரண்டையும் அன்று. ஹுன்னஸ்கிரியவைச் சூழ்ந்த மலைகளில் முதலில் கோப்பி வந்தது. 1869இல் இலங்கையிற் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலை வந்தது. இரண்டுக்கும் தமிழகத்திலிருந்து மக்கள் கொண்டுவரப்பட்டனர். அவர்களை வேலைவாங்க வந்த ஆங்கிலேயத் துரைமாருக்காக ஒரு தமிழ் ஆக்கப்பட்டது. 'இங்கே வா' என்பது அவர்களுக்காகக் கொழும்பில் பெர்குசன் வெளியிட்ட கைநூலின் பெயர். சின்னத்துரையின் சட்டைப்பைத் தமிழ் வழிகாட்டி என்பது அதன் துணைத்தலைப்பு. நூலின் பெயரே ஓர் ஏவல். 1915இல் வெல்ஸ் என்பவர் எழுதிய இன்னொரு நூல் வந்தது. அதற்கு வைத்த பெயர் 'கூலித் தமிழ்'. தேயிலை, இறப்பர்த் தோட்டத் தொழிலாளருக்கு விளங்குகின்ற தமிழ் என்று அதன் அட்டையே அறிவித்தது.

தமிழுக்கு அகராதி தந்த பாதிரிமாரையும் இலக்கணம் எழுதிய கால்டுவெல்லையும் அறிந்த நமக்கு, வெள்ளையர் தமிழ் கற்றனர் என்றால் உடனே ஒரு பெருமிதம் பொங்கும். இங்கே அதை அடக்கிக்கொள்ளத்தான் வேண்டும். தோட்டத்துத் தமிழ்நூல்களின் உலகம் வா, போ, எடு, வெட்டு, கொண்டுவா, ஏன் பிந்தினாய் என்பவற்றால் ஆனது. முன்னிலை ஒருமையே அதன் அரசன். நீங்கள் என்று தொழிலாளியை விளிக்க அங்கே தேவை எழுவதில்லை. கேள்விகளும் உண்டு, ஆனால் அவை கணக்குக் கேட்கும் கேள்விகள். எத்தனை இறாத்தல், எத்தனை ஆள், எந்த மலை. தொழிலாளி தன் மனத்தைத் திறந்து பேசினால் துரைக்கு விளங்கவேண்டும் என்பது அந்தத் தமிழின் நோக்கங்களில் ஒன்றாக இருக்கவில்லை.

அந்தச் சொற்கள் யாவும் உண்மைத் தமிழ்ச் சொற்கள் என்பதைக் கவனிக்கவேண்டும். கிளிக்கியைப்போல ஒன்றும் புதிதாகப் புனையப்படவில்லை. வா என்பது தொல்காப்பியருக்கும் தெரிந்த வினைதான். சொற்கள் பழையன, ஒலி பழையது, இலக்கணமும் பெரும்பாலும் பழையதே. ஆயினும் என் அளவுகோலில் எஸ்பெராந்தோ மொழி. கூலித் தமிழ் மொழியன்று. அது சங்கிலியைப்போல ஒரு கருவி. ஒருபக்கம் இழுப்பவனும் மறுபக்கம் கட்டுண்டவனும் இருந்தால் அதனை உரையாடல் என்று எவ்வாறு சொல்வது?

மக்கள் சும்மா இருந்துவிடவில்லை. துரையின் ஆங்கிலத்தைப் பிய்த்தெடுத்துத் தம் மொழியைத் தாமே ஆக்கினார்கள். காலையில் ஆள்கூட்டிக் கணக்கெடுக்கும் 'பரேட்' பெரட்டு ஆயிற்று. அது நடக்கும் இடம் பெரட்டுக்களம். 'லைன்' அறைகள் லயம் ஆயின. குதிரை கட்டும் லாயத்துக்கும் இசையின் லயத்துக்கும் இடையிலே அந்தச் சொல் போய் நின்றுகொண்டது. எட்டடிக்காம்பறாவில் வாழ்ந்தவர்கள் அதை எந்தக் காதால் கேட்டார்கள் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. ஒருநாள் வேலை முழுதாய்ப் பதியப்பட்டால் அது ஒரு பேர். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர். மனிதனின் பெயரையே பாதியாய் வெட்டும் இந்தச் சொல்லை எந்த அகராதிக் குழுவாலும் ஆக்கியிருக்க முடியாது. இது துரையின் கணக்கேட்டை அடியிலிருந்து பார்த்தவர்களின் சொல்.

பெரட்டுக்களத்தில் வாய்திறக்க முடியாதவர்கள் மலையிலும் லயத்திலும் பாட்டாய்ப் பாடினர். கங்காணியையும் துரையையும் பேர்சொல்லி ஏசும் பாட்டுகளும் அவற்றில் உண்டு. மடக்கும்புரையில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை அவற்றைத் தேடித் தொகுத்திராவிட்டால் இன்று நமக்கு 'இங்கே வா' மட்டுமே எஞ்சியிருக்கும். அதற்கு வந்த மறுமொழி காற்றோடு போயிருக்கும். மலையக நாட்டார் பாடல்களை வெறும் இரங்கல் பாடல்களாகப் படிப்போர் மீது எனக்கு மனத்தாங்கல் உண்டு. ஏவல் மொழிக்கு எதிராக எழுந்த மறுமொழிகள் அவை.

இதே தீவில், இதே நூற்றாண்டில், இன்னொரு வெள்ளையரும் தமிழ் ஆக்கினார். அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்திற் கற்பித்தவர், பின்னர் 1860களில் தமிழுக்கு மாறினார். உடற்கூறு, சத்திரசிகிச்சை, பிள்ளைப்பேறு முதலியவற்றுக்கு ஆங்கிலத்திலிருந்த சொற்களுக்கு ஈடான சொற்கள் தமிழில் இல்லாதபோது ஆக்கினார். அவரிடம் பயின்று மருத்துவரானோர் 60க்கும் மேற்பட்டவர். அவரது சொற்களிற் பல இன்று வழக்கில் இல்லை. சில நமக்குச் சிரிப்பைத் தரக்கூடும். ஆனால் கிறீன் தாம் ஆக்கிய தமிழில் மாணவனிடம் கேள்வி கேட்டார்; மாணவன் அதே தமிழில் விடை எழுதினான்; பின்னர் நோயாளியிடம் போய் எங்கே நோகிறது என்று கேட்டு, அவன் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டான். மானிப்பாய்த் தமிழும் ஹுன்னஸ்கிரியத் தமிழும் அந்நியர் தம் தேவைக்குச் செய்தவை என்பதில் வேறுபாடில்லை. மறுமொழியை எதிர்பார்த்ததா என்பதிலேதான் இரண்டும் வடதுருவமும் தென்துருவமும் ஆகின்றன.

கிறீன் தொடங்கியதை நூறாண்டுக்குப் பின்னர் இலங்கை அரசே செய்தது. 1950களிலும் 60களிலும் பாடசாலைக் கல்வி தாய்மொழிக்கு மாறியபோது, கொழும்பிற் குழுக்கள் கூடிக் கலைச்சொற்களை ஆயிரக்கணக்கில் ஆக்கின. ஒட்சிசன், ஐதரசன், காபன், இழையம், ஒளித்தொகுப்பு, சடத்துவம், ஆர்முடுகல். தமிழகத்தவர் ஆக்ஸிஜன், திசு, ஒளிச்சேர்க்கை, நிலைமம், முடுக்கம் என்று வேறுவழியிற் போயினர். ஆர்முடுகல் என்ற சொல்லைக் கேட்டுச் சென்னை நண்பர்கள் சிரித்ததை நான் நேரிற் கண்டிருக்கிறேன். குழுவில் பிறந்த செயற்கைச் சொல் என்பார்கள். முடுக்கம் மட்டும் வயலில் விளைந்ததா? யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் ஹட்டனிலும் ஒளித்தொகுப்பு என்று எழுதித் தேறியவர்கள் இன்று தொரொன்டோவிலும் சிட்னியிலும் மருத்துவராகவும் பொறியியலாளராகவும் உள்ளனர். மலைமீது பச்சைக் கொழுந்து கிள்ளும் தாயின் மகள் வகுப்பில் எழுந்து, ஒளித்தொகுப்பு இரவில் ஏன் நடப்பதில்லை என்று ஆசிரியரைக் கேட்ட நாளில் அந்தச் சொல்லின் செயற்கை நீங்கிவிட்டது.

நாளேட்டுத் தொழிலிலும் இதுவே அனுபவம். இரவுப்பணியில், அச்சுக்குப் போக அரைமணி இருக்கும்போது, வெளிநாட்டுச் செய்தியில் வந்த புதிய பொருளுக்குச் சொல் வேண்டும். அகராதி பார்க்க நேரமிருக்காது. மேசையைச் சுற்றி நால்வர் ஆளுக்கொரு சொல் சொல்வர். ஒன்று மறுநாட் காலை வாசகர் கைக்குப் போகும். வாசகர் தம் கடிதத்தில் அந்தச் சொல்லைத் திருப்பி எழுதினால் அது பிழைத்தது. எழுதாவிட்டால் செத்தது. யார் ஆக்கினார் என்பது இரண்டு கிழமையில் எங்களுக்கே மறந்துபோகும்.

இவ்வளவும் சொல்லவந்தது கிளிக்கிக்குத் தீர்ப்பு வழங்குவதற்காக அன்று. அதனை ஆக்கியவர் அவுஸ்திரேலியாவிற் சிறுவர்களோடு விளையாடிய விளையாட்டில் அதற்கு வித்திட்டவர். பிள்ளைகள் அதில் ஒருவரோடொருவர் சண்டையிடத் தொடங்கினால் அப்போது பார்த்துக்கொள்வோம். என் கவலை வேறு. நம் கண்முன் உண்மையான மொழி ஒன்று கூலித் தமிழாக மாறிக்கொண்டிருக்கிறது. அது இலங்கை அரசின் தமிழ்.

1956இல் சிங்களம் மட்டும் என்றது சட்டம். 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்றது. 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவும் அமைந்தது. பலகைகளில் தமிழ் ஏறியது. ஆனால் கண்டிப் பக்கத்து அலுவலகங்களில் அந்தத் தமிழ் என்ன சொல்கிறது என்று சற்று நின்று படித்துப் பாருங்கள். உட்செல்லாதே. குப்பை போடாதே. வரிசையில் நில். எழுத்துப்பிழையைப் பற்றி நான் பேசவரவில்லை. அதைப்பற்றிப் பேசிப் பலர் களைத்துவிட்டனர். பிழையற எழுதினாலும் அவை ஏவல்களே. பலகை பேசும்; பலகையின் கீழ் அமர்ந்திருப்பவர் பேசமாட்டார். அவரிடம் தமிழில் ஒன்று கேட்டால், சிங்களம் தெரிந்தவரை அழைத்து வா என்று சைகை வரும். துரை இருந்த இடத்திற் பலகை இருக்கிறது; அவ்வளவே மாற்றம். துரைக்காவது தமிழிற் கணக்குக் கேட்கத் தெரிந்திருந்தது.

எனக்குத் தெரிந்த முதியவர் ஒருவர், தோட்டத்தில் ஓய்வுபெற்றவர், ஓர் அலுவலகத்துக்குத் தம் ஆவணம் பற்றித் தமிழிற் கடிதம் எழுதினார். மூன்று மாதம் கழித்துச் சிங்களத்தில் ஒரு கடிதம் வந்தது. அதைப் படிப்பிக்கக் கடைத்தெருவுக்குக் கொண்டுபோனார். இன்னொரு படிவத்தை நிரப்பி அனுப்பும்படி அதில் எழுதியிருந்ததாம், படிவமும் சிங்களத்தில். ஒரு பக்கமே பேசும் மொழியில் ஒருவர் தம் பிறந்த திகதியைத் திருத்துவது எப்படி?

அரசியலமைப்பு இதனை நன்றாகவே உணர்ந்திருக்கிறது என்பதுதான் வேடிக்கை. 1988இல் வந்த 16ஆவது திருத்தத்தின்படி அமைந்த 22ஆம் உறுப்புரை, சிங்களம் நிருவாக மொழியாக உள்ள பகுதிகளிலும் ஒருவர் தமிழில் அரச அலுவலரோடு தொடர்புகொள்ளலாம் என்பதோடு நின்றுவிடவில்லை. அவர் எந்த மொழியில் எழுதினாரோ அதே மொழியில் மறுமொழி பெறும் உரிமையும் அவருக்கு உண்டு என்கிறது. கண்டி மாவட்டத்துக்கும் ஹுன்னஸ்கிரியவுக்கும் இது பொருந்தும். மொழி எது என்ற கேள்விக்கு மொழியியல் நூல்களில் நான் தேடிய விளக்கம் ஒரு சட்ட உறுப்புரையில் இவ்வளவு தெளிவாகக் கிடந்தது எனக்கே வியப்பு.

ஆகவே, ஹுன்னஸ்கிரியவிலோ வேறெங்கோ உங்கள் தமிழ்க் கடிதத்துக்குச் சிங்களத்தில் மறுமொழி வந்தால், அதைக் கடைத்தெருவில் படிப்பித்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள். இரண்டு கடிதங்களின் பிரதிகளையும் இணைத்து அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்புங்கள். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம். வெளிநாட்டில் இருப்போர், ஊரிலுள்ள பெற்றோருக்காக ஆங்கிலத்தில் எழுதிக்கொடுக்கும் வழக்கத்தை இந்த ஒரு விடயத்திலாவது விட்டுவிட்டால் நல்லது.